லைப்ரரி டாக்குமெண்டேஷன் படுத்தும் பாடு: எங்க ஆபீஸ்ல திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

கும்பகோணத்துல ஒரு பாத்திரக்கடைக்கு மேல மாடியில எங்க ஆபீஸ். மொத்தம் ஏழு பேரு. கீழ பித்தளைக் குடத்தைத் தட்டுற சத்தம், மேல கீபோர்டைத் தட்டுற சத்தம். ரைஸ் மில், விதைநெல் கடை, ரெண்டு கல்யாண மண்டபம், கீழ இருக்குற பாத்திரக்கடை, இவங்களுக்கெல்லாம் பில்லிங், புக்கிங் சாஃப்ட்வேர் எழுதிக் குடுக்குறோம். வருஷத்துக்கு நாலஞ்சு பேர் காலேஜ் முடிச்ச கையோட ட்ரெய்னியா வர்றாங்க, லைப்ரரி, அதாவது வேற யாரோ எழுதி நாம எடுத்துப் பயன்படுத்துற ரெடிமேட் கோடு, டாக்குமெண்டேஷன், அதாவது அதை எப்படிப் பயன்படுத்துறதுன்னு எழுதி வச்ச பக்கம், இதைப் பத்தி எல்லாரும் முதல் மாசம் அதே கேள்விகளைத்தான் கேட்குறாங்க, நானும் காபி ஆறிப்போறது தெரியாம பதில் சொல்லிட்டு உக்காந்திருப்பேன். இனிமே இதைப் படிச்சுட்டு வாங்கன்னு சொல்லிடலாம்னு டைப் பண்ணி வச்சுட்டேன்.

அண்ணே, டாக்குமெண்டேஷனை மூணு வாட்டி படிச்சுட்டேன், ஒன்னும் புரியலை. எனக்கு இந்த வேலை செட் ஆகாதோ?

இதை முதல்ல வச்சதுக்கு காரணம் இருக்கு. மத்த கேள்வியெல்லாம் வாயைத் திறந்து கேட்டுடுவாங்க, இதை மட்டும் மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டு ஊருக்கு பஸ் ஏறிடுவாங்க. போன வருஷம் திருத்துறைப்பூண்டி பக்கத்துல இருந்து வந்த ஒரு தங்கச்சி, பிடிஎஃப் தயார் பண்ற ஒரு லைப்ரரியோட ரெண்டு நாள் மல்லுக்கட்டிட்டு மூணாவது நாள் காய்ச்சல்னு லீவு சொல்லிடுச்சு. நான் உக்காந்து பார்த்தா, அந்த லைப்ரரியோட முதல் பக்கத்துல குடுத்திருக்குற உதாரணமே ஓடாது, அதுல இருக்குற பங்க்ஷனை, அதாவது பேரைச் சொல்லிக் கூப்பிட்டா ஒரு வேலையைச் செஞ்சு தர்ற கோடு துண்டை, ரெண்டு வெர்ஷனுக்கு முன்னாடியே தூக்கிட்டாங்க, பக்கத்தை மட்டும் யாரும் மாத்தலை. அந்தப் புள்ளை அதை அப்படியே காப்பி பண்ணிப் போட்டு, ஓடலைன்னதும், "நான்தான் எங்கயோ ஸ்பெல்லிங் விட்டிருப்பேன்னு நாப்பது தடவை பார்த்தேண்ணே"ன்னு சொல்லுச்சு. காய்ச்சலெல்லாம் ஒன்னும் இல்லை.

கோடை பகிர்ந்துக்குற தளமான கிட்ஹப் 2017ல ஓப்பன் சோர்ஸ்ல, அதாவது யார் வேணா பார்த்து மாத்தலாம்னு கோடை வெளியில வைக்கிற வேலையில, இருக்குறவங்க 5500 பேர்கிட்ட ஒரு சர்வே எடுத்தாங்க. அரைகுறையான, இல்ல பழசாப்போன டாக்குமெண்டேஷன்ல மாட்டியிருக்கோம்னு சொன்னவங்க 93 சதவீதம். அவங்கள்ல நிறைய பேர் உங்களைவிட சீனியரா இருப்பாங்க. அதனால இங்க ஒரு வழக்கம் வச்சிருக்கோம், அவங்க குடுத்த உதாரணத்தை ஒரு எழுத்துகூட மாத்தாம தனி ஃபோல்டர்ல ஓட்டிப் பாருங்க, அதுவே படுத்துடுச்சுன்னா உங்களைச் சந்தேகப்படுறதை நிறுத்திட்டு லைப்ரரியைச் சந்தேகப்பட ஆரம்பிங்க.

மோசமான டாக்குமெண்டேஷன்னா என்னண்ணே? பக்கம் பக்கமா இருக்கே, இது மோசமா?

பக்கம் இருக்கும். கேள்விக்கு பதில் இருக்காது. எடைமேடை கதையைச் சொல்றேன், இங்க வந்த எல்லாருக்கும் சொல்லிட்டேன், ஆனாலும் சொல்றேன்.

மன்னார்குடி பக்கம் ஒரு ரைஸ் மில். தை மாசம், சம்பா அறுப்பு முடிஞ்சு நெல்லு லாரி வரிசைகட்டி நிக்குது. லாரி மேடையில ஏறுனா இண்டிகேட்டர்ல எடை காட்டும், அந்த நம்பர் ஒரு சீரியல் கேபிள் வழியா கம்ப்யூட்டருக்கு வரும், நம்ம சாஃப்ட்வேர் அதை எடுத்து சீட்டு அடிக்கும். கேபிள்ல வர்றதைப் படிக்க ஒரு லைப்ரரி எடுத்துக்கிட்டோம். அதுல கெட்வெயிட்னு ஒரு பங்க்ஷன். அதுக்கு நேரா டாக்குமெண்டேஷன்ல எழுதியிருந்தது முழுசா இதுதான்: "எடையைத் தரும்." இங்கிலீஷ்ல ரெண்டு மூணு வார்த்தை, கெட்வெயிட்டுங்குற பேரையே பிரிச்சு எழுதுன மாதிரி.

கிலோவா டன்னான்னு இல்லை. லாரி ஆடிக்கிட்டு இருக்குறப்ப வர்ற எடையா, நின்னதுக்கு அப்புறம் வர்ற எடையான்னு இல்லை. கேபிள் கழண்டா என்ன ஆகும்னு இல்லை. முதல் ரெண்டையும் நாங்களே ஓட்டிப் பார்த்து கண்டுபிடிச்சுட்டோம், மூணாவதைக் கேட்கணும்னே தோணலை. ஒரு நாள் சாயங்காலம் மில்லு கணக்குப்பிள்ளை போன் பண்ணாரு, "ஏன் தம்பி, மூணு லாரி வந்துச்சு, மூணும் பதினாறாயிரத்து நானூத்தி இருபதா? மூணாவது லாரி பாதி கூட ரொம்பலையே"ன்னாரு. கேபிளை எலி கடிச்சிருக்கு. ரைஸ் மில்லுல எலி இருக்கும்னு டெல்டாவுல பொறந்தவனுக்குத் தெரியாதா? லைப்ரரி என்ன பண்ணியிருக்குன்னா, கேபிள் அறுந்ததும் எரர் குடுக்காம, கடைசியா வந்த எடையையே திருப்பித் திருப்பி குடுத்துக்கிட்டு இருந்திருக்கு.

மூணு பேரு ரெண்டு நாள் உக்காந்தோம். மில்லுக்காரர் ரெண்டு லாரியைத் திரும்ப எடை போட்டாரு, இன்னொரு லாரி அதுக்குள்ள சரக்கை இறக்கிட்டு போயிடுச்சு, அதுக்கு சண்டை. இவ்வளவுக்கும் அந்தப் பக்கத்துல இல்லாம போனது ஒரே வரிதான்: "இணைப்பு போனா கடைசி எடையே வரும், எரர் வராது." எழுதுறவருக்கு ஒரு நிமிஷ வேலை, அவருக்கு அது தெரியும், அவர்தானே அப்படி எழுதி வச்சாரு.

மெக்கில் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் ரெண்டு பேர், உதின், ரோபிலார்டுன்னு, ஐபிஎம்ல வேலை செய்றவங்ககிட்ட கேட்டு 2015ல ஒரு கட்டுரை போட்டாங்க, ஏபிஐ, அதாவது ஒரு லைப்ரரியை நம்ம புரோகிராம் கூப்பிடுற வழி, அதோட டாக்குமெண்டேஷன் எங்கெல்லாம் சறுக்குதுன்னு. பத்து வகை சொன்னாங்க, அதுல ரொம்ப பாதிக்கிறது மூணு: அரைகுறையா இருக்குறது, ரெண்டு அர்த்தம் வர்ற மாதிரி இருக்குறது, தப்பாவே இருக்குறது. எங்க எடைமேடை முதல் வகை. அந்த தங்கச்சியோட பிடிஎஃப் மூணாவது வகை.

அப்போ ஒரு பங்க்ஷனுக்கு குறைஞ்சது என்னதான் எழுதணும்?

எப்போ வேலை செய்யாதுன்னு எழுதணும். மத்ததை பேரைப் பார்த்தே பாதி ஊகிச்சுடலாம்.

அடுத்தது அளவு. நம்ம ஊர்ல நிலத்தை மா கணக்குல சொல்லுவோம், 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. தஞ்சாவூர் பக்கம் குழி 144 சதுர அடி, அதனால மா கிட்டத்தட்ட 33 செண்ட், மூணு மா ஒரு ஏக்கர்னு வாய்க்கணக்கு. ஆனா குழி ஊருக்கு ஊர் மாறும், அதனாலதான் பத்திரத்துல இவ்வளவு செண்ட்னு சேர்த்து எழுதுறது. புரோகிராம்லயும் அதேதான், பைத்தான்ங்குற மொழியில டைம்.ஸ்லீப் 5ன்னா அஞ்சு செகண்ட் தூங்கும், ஜாவாவுல த்ரெட்.ஸ்லீப் 5ன்னா அஞ்சு மில்லிசெகண்ட், ரெண்டுக்கும் பேரு ஸ்லீப்தான். எவ்வளவு நேரம் காத்திருந்துட்டு கைவிடணும்ங்குறதுக்கு வெறும் "டைம்அவுட்: நம்பர்"னு போட்டு வச்சிருக்குற லைப்ரரியைப் பார்த்தா எனக்கு பத்திரத்துல "நாலு குழி"ன்னு மட்டும் எழுதுன மாதிரி இருக்கும்.

அப்புறம், நீங்க ஒன்னும் குடுக்கலைன்னா அதுவா என்ன எடுத்துக்கும்ங்குறது. பைத்தான்ல இணையத்துல இருந்து தகவல் வாங்க ரிக்வெஸ்ட்ஸ்னு எல்லாரும் பயன்படுத்துற லைப்ரரி இருக்குல்ல, அதுல டைம்அவுட் நீங்களா குடுக்கலைன்னா டைம்அவுட்டே கிடையாது, அந்தப்பக்கம் சர்வர் பதில் சொல்லாம இருந்தா உங்க புரோகிராம் காத்துக்கிட்டே கிடக்கும். இதை அவங்க டாக்குமெண்டேஷன்ல தெளிவாவே எழுதியிருக்காங்க. மழைக்கு நெட் போய்ப் போய் வர்ற நாகப்பட்டினத்துல சாஃப்ட்வேர் ஓட்டுறவன் அந்த வரியைப் படிச்சே ஆகணும்.

தேதி, நேரம் வந்தாலே ஏண்ணே எல்லாரும் அலறுறீங்க?

வாங்குன அடி அப்படி. ரெண்டு சொல்றேன்.

விதைநெல் கடைக்கு ஒரு ஆப் பண்ணோம், மேட்டூர் திறக்குற ஜூன் 12க்கு விவசாயிங்களுக்கு "குறுவைக்கு விதை வந்துருச்சு"ன்னு மெசேஜ் போகணும். நம்ம பையன் ஒருத்தன் ஜாவாஸ்கிரிப்ட்ல டேட்டுக்குள்ள 2025, 6, 12ன்னு போட்டான். அது ஜூலை 12. ஜாவாஸ்கிரிப்ட்ல மாசம் பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கும், ஜனவரி 0, ஜூன் 5. நாள் மட்டும் ஒன்னுல இருந்து. 1995ல அவசர அவசரமா அந்த மொழியைச் செஞ்சப்ப ஜாவாவுல இருந்த டேட்டை அப்படியே எடுத்துக்கிட்டாங்க, ஜாவாவுல அப்புறம் அதை ஓரங்கட்டிட்டாங்க, இங்க இன்னமும் இருக்கு. ஜூலை 12க்கு விதை வந்துருச்சுன்னு மெசேஜ் போயிருந்தா நாத்து பறிச்சு நட்டு முடிச்ச ஆளு நம்மளை என்ன சொல்லியிருப்பான்? நல்லவேளை டெஸ்டிங்லயே மாட்டிக்கிச்சு.

ரெண்டாவது கல்யாண மண்டபம். புக்கிங் ரசீதுல முகூர்த்த நேரம் காலை 6:00ன்னு போட்டா 5:37ன்னு அச்சாகுது. மண்டபத்து மேனேஜர், "சார், ஜோசியர் ஆறுன்னு எழுதிக் குடுத்தாரு, உங்க கம்ப்யூட்டர் அவரை விட பெரிய ஜோசியரா"ன்னு கேட்குறாரு. எல்லா நேரத்துலயும் சரியா 23 நிமிஷம் குறையுது. இது என்ன கணக்கு? பைத்தான்ல பைடிஇசட்னு ஒரு டைம்ஸோன் லைப்ரரி, அதுல இந்திய நேரத்துக்கு பேரு ஏசியா/கொல்கத்தா, அதை எடுத்து நேரா டேட்டைமுக்குள்ள போட்டா, உலகப் பொது நேரமான யுடிசியை விட +5:30க்கு பதிலா +5:53 வரும். அந்த 5:53 என்னன்னா, இந்தியாவுக்கெல்லாம் ஒரே நேரம்னு வர்றதுக்கு முன்னாடி 19ஆம் நூற்றாண்டுல கல்கத்தாவுல சூரியனை வச்சுப் பார்த்த உள்ளூர் நேரம். லைப்ரரிக்குள்ள இருக்குற நேர டேபிள்ல முதல் வரியில அதுதான் இருக்கும், நேராப் போட்டா அந்த முதல் வரியை எடுத்துக்கும். லோக்கலைஸ்னு ஒரு பங்க்ஷன் வழியா போகணும்.

பைத்தான் 3.9ல இருந்து ஸோன்இன்ஃபோன்னு உள்ளுக்குள்ளயே வந்துருச்சு, இந்த வில்லங்கம் அதுல இல்லை. அதே மாதிரி யுடிசிநவ்ங்குற பங்க்ஷன் யுடிசி நேரத்தைக் குடுக்கும், ஆனா இது யுடிசின்னு அதுல ஒரு சீட்டு ஒட்டாது, வாங்குறவன் உள்ளூர் நேரம்னு நினைச்சுக்குவான். கடைசியில 2023ல வந்த 3.12ல இதைப் பயன்படுத்தாதீங்கன்னு சொல்லிட்டாங்க.

அந்த 23 நிமிஷத்தைப் பத்தி டாக்குமெண்டேஷன்ல இருந்துச்சா இல்லையா?

இருந்துச்சு. அதுதான் வெட்கக்கேடு. நேராப் போட்டா நிறைய டைம்ஸோனுக்கு வேலை செய்யாதுன்னு பைடிஇசட் பக்கத்துல அவங்களே எழுதி வச்சிருந்தாங்க, நாங்கதான் எங்கயோ கிடைச்ச நாலு வரியை காப்பி அடிச்சுட்டு போயிட்டோம். அதனால எல்லாத்துக்கும் டாக்குமெண்டேஷன் மேலயே பழி போடுறவன் நான் இல்லை.

ஆனா இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. இணையத்துல தகவல் அனுப்பி வாங்குற கர்ல்ங்குற லைப்ரரியில, எதிர்ல இருக்குற சர்வர் நிஜமா அவங்கதானான்னு பேரைச் சரிபார்க்க ஒரு செட்டிங் உண்டு. அதுக்கு சரியான மதிப்பு 2. எல்லாரும் என்ன பண்ணாங்க, ஆமா, இல்லைன்னு ரெண்டே பதில் இருக்குற செட்டிங்னு நினைச்சுக்கிட்டு ட்ரூன்னு போட்டாங்க, பிஎச்பிங்குற மொழியில ட்ரூன்னா 1, அப்போ 1ன்னா சர்வரோட அடையாளச் சர்டிஃபிகேட்ல ஏதோ ஒரு பேரு இருக்கான்னு மட்டும் பார்த்துச்சு, பொருந்துதான்னு பார்க்கலை. பாதுகாப்பை ஆன் பண்றோம்னு நினைச்சு ஆஃப் பண்ணிட்டாங்க. 2012ல வந்த ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையில இதை எடுத்துக் காட்டுனப்ப, பணம் கட்டுற சாஃப்ட்வேர்கள்ல கூட இந்தத் தப்பு இருந்துச்சு. டாக்குமெண்டேஷன்ல 2ன்னு தெளிவாத்தான் இருந்துச்சு. அப்புறம் கர்ல் செஞ்சவங்களே 1ங்குற மதிப்பை ஏத்துக்காத மாதிரி மாத்துனாங்க. படிக்காதவன் மேல தப்பு இருக்கு, சரி, ஆனா ஆயிரம் பேர் அதே பள்ளத்துல விழுந்தா அங்க போர்டு வைக்கிறதைவிட பள்ளத்தை மூடுறதுதான் வேலை.

டாக்குமெண்டேஷன் எதுக்கு, சோர்ஸ் கோடையே படிச்சுக்கலாமே?

படிங்க, வேணாம்னு சொல்லலை, எடைமேடை விஷயத்தை கடைசியில சோர்ஸ் பார்த்துதான் கண்டுபிடிச்சோம். ஆனா ஒன்னு. வாய்க்கால்ல இன்னைக்கு தண்ணி ஓடுறதை கண்ணால பார்க்கலாம். நாளைக்கு ஓடுமாங்குறது முறைப் பாசன அட்டவணையில இருக்கும். சோர்ஸ் கோடு இன்னைக்கு ஓடுற தண்ணி.

பைத்தான்ல பேரும் மதிப்பும் ஜோடி ஜோடியா வைக்கிற டிக்ஷனரி இருக்குல்ல. 2016ல வந்த 3.6ல, நீங்க எந்த வரிசையில போட்டீங்களோ அதே வரிசையில திரும்ப வர ஆரம்பிச்சுச்சு. உள்ள செஞ்ச ஒரு மாத்தத்தால தானா வந்தது, இதை நம்பாதீங்கன்னு அப்போ எழுதியிருந்தாங்க. 2018ல 3.7 வந்தப்பதான் இது மொழியோட விதின்னு உறுதி குடுத்தாங்க. 3.6ல சோர்ஸைப் படிச்சவனுக்கு "வரிசையா வருது"ன்னு தெரிஞ்சிருக்கும், நம்பலாமான்னு தெரிஞ்சிருக்காது. அது கோடுல எழுதியிருக்குற விஷயம் கிடையாது.

எங்க மாமா பொதுப்பணித்துறையில லஸ்கரா, அதாவது வாய்க்கால் ஷட்டரைத் திறந்து மூடுற ஆளா, இருந்து ரிட்டயர் ஆனவரு. எந்த ஷட்டரை எத்தனை திருகு தூக்குனா எந்த வாய்க்கால்ல எவ்வளவு ஏறும்னு கையே சொல்லும் அவருக்கு, எதுவும் எழுதி வச்சதில்லை. ரிட்டயர் ஆன முதல் வருஷம் தண்ணி விட்ட அன்னிக்கு ராத்திரி பதினோரு மணிக்கு புது ஆளு போன் பண்றாரு, "அய்யா இந்த ரெண்டாவது ஷட்டர் இறங்க மாட்டேங்குதே"ன்னு. மாமா படுத்துக்கிட்டே, "இடது பக்கம் ஒரு உதை விடு"ன்னாரு. இறங்கிடுச்சு. இந்த உதையை எந்த வரைபடத்தைப் பார்த்தும் அந்த ஆளு கண்டுபிடிச்சிருக்க முடியாது.

தமிழ் எழுத்து வர்ற இடத்துல மட்டும் ஏன் தேடல் சொதப்புது?

கும்பகோணம்ங்குற வார்த்தையையே எடுத்துக்கங்க. நம்ம கணக்குல ஆறு எழுத்து: கு, ம், ப, கோ, ண, ம். கம்ப்யூட்டர்கிட்ட நீளம் கேட்டா 10ன்னு சொல்லும், ஏன்னா புள்ளி, உகரக் கொக்கி எல்லாம் அதுக்கு தனித்தனி. சில சமயம் 11ன்னு சொல்லும். கோவோட ஓகாரக் குறியை ஒரே குறியீடாவும் வைக்கலாம், இரட்டைக் கொம்பு தனியா கால் தனியான்னு ரெண்டாவும் வைக்கலாம், எல்லா மொழி எழுத்துக்கும் குறியீடு குடுக்குற யூனிகோடு ரெண்டையும் ஏத்துக்குது. திரையில ஒரு வித்தியாசமும் தெரியாது.

விதைக்கடையோட வாடிக்கையாளர் பட்டியல் பாதி பழைய பாமினி ஃபாண்ட் ஃபைல்ல இருந்து மாத்துனது, மீதி போன்ல டைப் பண்ணது. கும்பகோணம்னு தேடுனா பாதி ஆளைக் காணோம். ரெண்டு வார்த்தையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பூதக்கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் ஒன்னாத்தான் இருக்கு, சமமான்னு கேட்டா இல்லைங்குது. நார்மலைஸ் பண்ணா, அதாவது ரெண்டு விதத்தையும் ஒரே விதமா மாத்துனா, தீர்ந்துடும், பைத்தான்லயும் இருக்கு ஜாவாஸ்கிரிப்ட்லயும் இருக்கு, ஒரே வரி. ஆனா நாங்க பயன்படுத்துன தேடல் லைப்ரரியோட பக்கத்துல அந்த வார்த்தையே இல்லை, "எல்லா மொழிக்கும் வேலை செய்யும்"னு மட்டும் பெருசா போட்டிருந்தாங்க. இங்கிலீஷ் பேரை மட்டும் தேடிப் பார்த்துட்டு எழுதுன வரி அது.

இவ்வளவு தெரிஞ்சும் ஏன் யாரும் ஒழுங்கா எழுத மாட்டேங்குறாங்க?

நிறைய லைப்ரரி சும்மா எழுதுறது, சம்பளம் கிடையாது. ராத்திரி ரெண்டு மணிநேரம் கிடைச்சா அவங்களுக்கு கோடு எழுதத்தான் கை போகும். மேல சொன்ன அதே கிட்ஹப் சர்வேல, கோடு பங்களிக்கிறவங்கள்ல 60 சதவீதம் பேர் டாக்குமெண்டேஷனுக்கு எப்போவாவதுதான் எழுதுவோம், இல்ல எழுதவே மாட்டோம்னு சொல்லியிருக்காங்க. தொண்ணூறு சதவீதம் பேர் வாய்க்கால் தூர்ந்து கிடக்குன்னு சொல்றாங்க, மண்வெட்டி எடுக்க ஆளில்லை.

இன்னொன்னு, எழுதுனவருக்கு எது தெரியாதுன்னு தெரியாது. கேபிள் கழண்டா பழைய எடை வரும்ங்குறது அவருக்கு சொல்ல வேண்டிய விஷயமாவே பட்டிருக்காது.

புரோகிராமர்கள் கேள்வி கேட்டு பதில் வாங்குற தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ கூட 2016ல தனியா ஒரு டாக்குமெண்டேஷன் பகுதி ஆரம்பிச்சுப் பார்த்தாங்க, எல்லாரும் சேர்ந்து உதாரணம் எழுதலாம்னு. 2017ல மூடிட்டாங்க. கேள்வின்னு ஒன்னு முன்னாடி வந்து நின்னா பதில் சொல்ல ஆயிரம் பேர் வருவாங்க, கேள்வியே இல்லாம வெறும் பக்கத்தை நிரப்பச் சொன்னா எவன் வருவான்? இது என் கருத்துதான்.

பழைய டுடோரியலைப் பார்த்து கத்துக்கிட்டா என்ன ஆகும்?

வெப் பக்கம் கட்டுறதுக்கு இருக்குற ரியாக்ட்ங்குற லைப்ரரியில நடந்ததைப் பாருங்க. 2019 பிப்ரவரியில ஹூக்ஸ்னு புது எழுதுமுறை வந்துருச்சு, வேலைக்குப் போனா எல்லாரும் அதுலதான் எழுதுறாங்க. அவங்களோட புது டாக்குமெண்டேஷன், ஹூக்ஸை முதல்ல இருந்தே சொல்லிக் குடுக்குற மாதிரி, 2023 மார்ச்லதான் முழுசா வந்துச்சு. நடுவுல நாலு வருஷம் புதுசா படிக்க வந்தவங்க முதல் பக்கத்துல கிளாஸ்ங்குற பழைய முறையைப் படிச்சுட்டு, ஆபீஸுக்கு வந்து முழிச்சாங்க. பெரிய கம்பெனி பணம் போட்டு நடத்துனதுக்கே இந்த கதி. பக்கத்தைத் திறந்ததும் முதல்ல வெர்ஷன் நம்பரைப் பாருங்க, இல்லைன்னா தேதியைப் பாருங்க, ரெண்டும் இல்லைன்னா மூடிடுங்க.

சென்னை, பெங்களூர்ல இருக்குறவங்களுக்கும் இதே கஷ்டம்தானே?

கஷ்டம் அதேதான், தப்பிக்கிற வழிதான் வேற. அங்க பக்கத்து சீட்டுல இதை ஏற்கனவே பட்ட ஒருத்தர் இருப்பாரு, நாற்காலியைத் திருப்புனா பதில். எழுதாம விட்டதெல்லாம் வாய்வழியா வந்துடும். இங்க ஏழு பேருக்கும் தெரியலைன்னா கும்பகோணத்துல வேற யாருக்கும் தெரியாதுன்னுதான் அர்த்தம், கீழ பாத்திரக்கடையிலயா போய்க் கேட்க முடியும்?

மேட்டூர்ல திறக்குற தண்ணி கல்லணைக்கு வர மூணு நாலு நாள், அங்கிருந்து வெண்ணாறு, அதுல இருந்து கிளை, கிளையில இருந்து வாய்க்கால்னு வந்து வேதாரண்யம் பக்கம் கடைமடைக்கு வர்றப்ப வருஷத்துக்கு வருஷம் சண்டை. தலைப்புல இருக்குறவனுக்கு ஒரு ஷட்டர் கோளாறு பெருசா தெரியாது, கடைமடைக்காரனுக்கு பயிரு காயும். நாம கடைமடை. நம்ம ட்ரெய்னிங்களுக்கு இதோட இங்கிலீஷ் வேற. காலேஜ் வரைக்கும் தமிழ்ல யோசிச்சுட்டு வந்த பசங்க, நேரா சொன்னா புரிஞ்சுக்குவாங்க. ஆனா சில பக்கத்துல அமெரிக்கன் ஜோக், சினிமா வசனம், "சும்மா இதைப் பண்ணுங்க"ன்னு ஆரம்பிக்கிற வரி. அந்த சும்மாவைப் பார்த்தாலே எனக்கு எரியும். சும்மா பண்ணக்கூடியதா இருந்தா நான் எதுக்குய்யா இந்தப் பக்கத்துக்கு வர்றேன்?

ஏஐ கிட்ட கேட்டுக்கலாமே அண்ணே?

கேளுங்க, நானும் கேட்குறேன், நல்லா எழுதி வச்சிருக்குற லைப்ரரின்னா அருமையா சொல்லும். எழுதாத லைப்ரரின்னா அதுக்கு எங்க இருந்து தெரியும்? தெரியலைன்னும் பல சமயம் சொல்லாது, இருக்க வேண்டிய மாதிரி ஒரு பங்க்ஷன் பேரை அடிச்சு விடும். எடைமேடை லைப்ரரி பத்தி கேட்டுப் பார்த்தேன், இணைப்பு போனா எரர் வரும்னு உறுதியா சொல்லுச்சு. நியாயமா எரர் வந்திருக்கணும், அந்த வகையில அதைக் குத்தம் சொல்ல முடியாது. இல்லாத பேக்கேஜ் பேரைச் சொன்னா மட்டும் கண்ணை மூடிக்கிட்டு இன்ஸ்டால் பண்ணாதீங்க, அந்தப் பேர்ல எவனாவது வில்லங்கத்தை ஏத்தி வச்சிருப்பான்.

நல்லா எழுதுனது ஒன்னு காட்டுங்களேன்

எஸ்க்யூலைட்ங்குற சின்ன டேட்டாபேஸ். 2000ல இருந்து இருக்கு, உங்க போன்லயும் இருக்கு. அவங்க தளத்துல, எஸ்க்யூலைட் ஃபைலை எப்படியெல்லாம் கெடுக்கலாம்னு அவங்களே ஒரு பக்கம் எழுதி வச்சிருக்காங்க. எந்தெந்த இடத்துல கோளாறு வரும், எது மத்த டேட்டாபேஸ் மாதிரி இருக்காதுன்னு இன்னொரு பக்கம். ஃபாரின் கீ, அதாவது ஒரு டேபிள்ல குறிப்பிடுறது இன்னொரு டேபிள்ல இருக்கணும்ங்குற விதி, போட்டாலும் நீங்களா ஆன் பண்ணாத வரைக்கும் அது சரிபார்க்காதுன்னு அதுல நேராவே சொல்லிடுறாங்க. பெண்ணு பார்க்க வந்த இடத்துல மாப்பிள்ளையே "எனக்கு குறட்டை உண்டு"ன்னு சொன்ன மாதிரி, எனக்கு அவங்க மேல அப்படி ஒரு மரியாதை.

இது புதுசும் இல்லை. 1971 நவம்பர்ல யூனிக்ஸ்ங்குற ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு அதைச் செஞ்ச தாம்ப்சனும் ரிச்சியும் போட்ட முதல் மேனுவல்லயே, ஒவ்வொரு கமாண்டுக்கும் கீழ பக்ஸ்னு தலைப்பு போட்டு, இது இங்க சொதப்பும்னு எழுதுற வழக்கம் இருந்துச்சு. உதாரணம் பழசாகாம இருக்க வழியும் இருக்கு, பைத்தான்ல டாக்டெஸ்ட், ரஸ்ட்ல கார்கோ டெஸ்ட், ரெண்டும் டாக்குமெண்டேஷன்ல எழுதுன உதாரணத்தையே ஓட்டிப் பார்க்கும், ஓடலைன்னா உங்களுக்கு முன்னாடியே கத்தும். அந்த தங்கச்சியோட ரெண்டு நாளு மிச்சமாகியிருக்கும்.

புது லைப்ரரி எடுக்குறப்ப நீங்க என்ன பார்ப்பீங்க?

உதாரணம் ஓடுதா. எரர் வந்தா என்னன்னு எங்கயாவது எழுதியிருக்கா. கடைசி வெர்ஷன்ல என்ன மாறுச்சுன்னு பட்டியல் இருக்கா. கிட்ஹப்ல எத்தனை பேர் பிடிச்சிருக்குன்னு ஸ்டார் குடுத்திருக்காங்கன்னு பார்க்க மாட்டேன்.

எடைமேடை லைப்ரரியை விட்டுட்டீங்களா?

இல்லை, அதேதான் ஓடுது, வேற நல்லது கிடைக்கலை. கேபிளை இரும்புக் குழாய்க்குள்ள விட்டாச்சு, எடை வந்து மூணு செகண்டுக்கு மேல ஆச்சுன்னா சீட்டு அடிக்காதுன்னு நம்ம பக்கம் ஒரு செக் போட்டாச்சு. அந்தப் பக்கத்துல சேர்க்கச் சொல்லி ஒரு வரி எழுதி கிட்ஹப்ல அனுப்புனோம், எழுதுனது அந்த திருத்துறைப்பூண்டி தங்கச்சிதான், ட்ரெய்னி முடிச்சு இப்போ இங்கயே வேலைக்கு இருக்கு. ஏழு மாசம் கிடந்துச்சு. போன மாசம் ஏத்துக்கிட்டாங்க, ஒரு கமாவை மட்டும் மாத்தி. நேத்து பார்த்தா அதே லைப்ரரியில டேர்னு ஒரு பங்க்ஷன், எடையைப் பூஜ்யமாக்குறது, அதுக்கு நேரா "டேர் பண்ணும்"னு எழுதியிருக்கு. அந்தப் புள்ளை அடுத்ததை எழுத ஆரம்பிச்சிருச்சு.